தொண்டித் துறை பிறந்த கதை

ஒரு வரைபடத்தை விரித்து, அளவுகோலின் ஒரு முனையை மதுரையிலும் மறுமுனையை யாழ்ப்பாணத்திலும் வையுங்கள். கோடு கிட்டத்தட்ட நேர் கிழக்காக ஓடும். அதன் நடுவே, கடற்கரையை ஒட்டி, தொண்டி இருக்கும். மதுரையிலிருந்து தொண்டிக்குத் தரைவழியில் ஏறக்குறைய 110 கிலோமீட்டர். தொண்டியிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கடல்வழியிலும் அதே அளவுதான். அந்தக் கோட்டில் தொண்டிக்குச் சற்று மேற்கே, கடல் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், நெல் வயல்களுக்கு நடுவே நிற்கிறது திருவாடானை.

தொண்டியின் கதையை நான் இந்தக் கோட்டிலிருந்தே தொடங்குவேன். துறைமுகம் என்றதும் நமக்குக் கடலும் கப்பலும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இந்தத் துறையைப் பெற்றது கடல் மட்டும் அன்று. மதுரை என்ற பெருநகரின் தேவை, திருவாடானைச் சீமையின் நெல், இராமநாதபுரத்துக் கண்மாய்களில் தேங்கிய ஆற்று நீர் என்று உள்நாடு முழுவதும் சேர்ந்து ஈன்ற பிள்ளை அது.

தொண்டி என்றதும் சங்க இலக்கியம் படித்தவர்களுக்குச் சேரநாட்டுத் தொண்டி நினைவுக்கு வரும். ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய தொண்டிப்பத்து அந்த மேலைக்கடல் ஊரைப் பற்றியது. கிரேக்க மாலுமிகள் திண்டிஸ் என்று எழுதி வைத்ததும் அதைத்தான். கீழைக்கடல் தொண்டியைக் காண நாம் சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்துக்குப் போக வேண்டும். ஊர்காண் காதையில், பங்குனி மாதப் பின்பனியைப் பேசும் இடத்தில், இளங்கோவடிகள் ஒரு காற்றைக் கொண்டுவருகிறார். தொண்டியில் கப்பல்கள் கூட்டமாக வந்து இறக்கிய அகில், பட்டு, சந்தனம், வாசனைப் பொருள்கள், கற்பூரம் எல்லாவற்றின் மணத்தையும் சுமந்துகொண்டு கொண்டல் காற்று பாண்டியனின் கூடல் நகருக்குள் நுழைகிறது.

கொண்டல் கிழக்கிலிருந்து வரும் காற்று. சேரநாட்டுத் தொண்டியிலிருந்து மதுரைக்குக் கொண்டல் வீச முடியாது. நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது, திசையும் எதிர்த்திசை. நாம் வரைபடத்தில் போட்ட கோட்டின் மேல்தான் இந்தக் காற்று நடக்கிறது. பங்குனியில் மதுரைத் தெருவில் நின்ற ஒருவருக்குத் தொண்டித் துறையில் என்ன சரக்கு இறங்கியிருக்கிறது என்று மூக்கில் தெரிந்தது என்று கவிஞர் சொல்கிறார். கவிஞரின் மிகைதான். ஆனால் அந்த மிகைக்குள் இருக்கும் நிலவியல் சரியாக இருக்கிறது. சரக்குப் பட்டியலும் சரியாக இருக்கிறது. கற்பூரம் சுமத்திரா, போர்னியோக் காடுகளின் பொருள். நல்ல அகிலும் கிழக்கே கடல் கடந்த நாடுகளிலிருந்து வந்ததுதான். அவை தொண்டியில் இறங்கினாலும் அவற்றை வாங்கியது தொண்டி இல்லை, மதுரைதான். கோயிலும் அரண்மனையும் செல்வர் வீடுகளும் நிறைந்த ஒரு தலைநகரம் நேர் மேற்கே இல்லாவிட்டால், இந்த மணற்கரையில் அகிலை யார் இறக்கப்போகிறார்கள்?

இனிக் கடலைப் பார்ப்போம். தொண்டிக்கு முன்னால் கிடப்பது பாக் நீரிணையின் தெற்குப் பகுதியான பாக் விரிகுடா. 1763 முதல் 1767 வரை சென்னையில் கவர்னராக இருந்த ராபர்ட் பாக்கின் பெயரை வெள்ளையர் இதற்கு வைத்தார்கள். இந்தக் கரை மக்கள் அதை வடகடல் என்கிறார்கள். பாம்பனுக்குத் தெற்கே உள்ள மன்னார் வளைகுடா தென்கடல். வடகடல் ஆழமற்றது. பெரும்பகுதியில் பத்து மீட்டரை ஒட்டித்தான் ஆழம். தொண்டி, நம்புதாளை, சோலியக்குடிக் கரைகளில் காலையில் போய் நின்றால் இது கண்ணுக்கே தெரியும். படகுகள் கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி நிற்கும். மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆட்கள் முழங்கால் நீரில், இடுப்பு நீரில், சில இடங்களில் மார்பளவு நீரில் நடந்து வருவார்கள். அலை என்று சொல்லும்படி எதுவும் இருக்காது. அடியில் மணலும் சேறும் கடற்புல்லும் காலில் படும்.

இன்றைய துறைமுகப் பொறியாளர் இதைக் குறை என்பார். பாய்மரக் காலத்தில் இதுதான் வரம். தென்மேற்குப் பருவத்தில் கச்சான் காற்று தென்கடலைப் புரட்டிப்போடும்போது வடகடல் அடங்கிக் கிடக்கும். மார்கழி வாடையில் வடகடல் கொந்தளித்தால் தென்கடல் அடங்கும். ஒரே சீமைக்கு இரண்டு கடல், இரண்டு பருவம். ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு பக்கம் துறை திறந்திருக்கும். மேலும் மரக்கலங்களுக்கு ஆழம் தேவைப்படவில்லை. அடிப்பாகம் அகன்ற தோணிகள் மணலில் தட்டினாலும் உடையாது. பெரிய கலங்கள் வெளியே நங்கூரமிடும். வள்ளங்கள் போய்ச் சரக்கை எடுத்துவரும். இந்தக் கரைக்கே உரிய வத்தை என்ற பாய்ப்படகு, ஆழமற்ற கடலை அறிந்தவர்கள் உருவாக்கிய கலம். அதன் குறுக்கே வெளியே நீண்டிருக்கும் ஒரு பலகை. காற்று ஒரு பக்கமாக அழுத்திப் படகு சாய்ந்தால், ஆட்கள் எதிர்ப்பக்கம் அந்தப் பலகையில் ஏறிப்போய் உட்கார்ந்து தங்கள் உடல் எடையால் அதை நிமிர்த்துவார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியப் படகுகளைத் தேடித்தேடி ஆராய்ந்த ஜேம்ஸ் ஹார்னெல், பாக் விரிகுடாவின் இந்தப் பலகைப் படகுகளைத் தனியாகக் குறித்து வைத்தார்.

ஆனால் அமைதியான கடல் மட்டும் ஊரை உண்டாக்காது. இந்தக் கரையில் பெயரில் பட்டினம் இருக்கிற ஊர்களைத் தெற்கிலிருந்து வடக்காகச் சொல்லிப் பாருங்கள்: தேவிபட்டினம், தாமோதரன்பட்டினம், பாசிப்பட்டினம், சுந்தரபாண்டியன்பட்டினம். இராமநாதபுரம் மாவட்ட எல்லையைத் தாண்டினால் ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம். நூறு கிலோமீட்டர் கரையில் இத்தனை பட்டினங்கள். இவை எல்லாம் ஒரே சமயத்தில் செழித்தவை அல்ல. ஒன்று தூர்ந்தால் அடுத்தது தலையெடுக்கும். அதற்குக் காரணம் ஆறுகள்.

இராமநாதபுரத்தை வறண்ட பூமி என்று எழுதியே பழகிவிட்டார்கள். ஆனால் இந்தச் சீமையின் கிழக்குக் கரை நெடுக ஆற்று வாய்கள் இருக்கின்றன. பாம்பாறு, விருசுழியாறு, கோட்டைக்கரையாறு, தெற்கே வைகை. மழை பெய்தால் நிறைந்து ஓடி, நின்றால் மணலாகிவிடும் ஆறுகள் இவை. அந்த நீரைக் கடலுக்கு விடாமல் மடக்கிப் பிடித்தவை கண்மாய்கள். அவற்றில் முதன்மையானது திருவாடானைக்குத் தெற்கே உள்ள இராஜசிங்கமங்கலம் கண்மாய். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று ஊரில் இன்றும் அதைச் சொல்வார்கள். ஒரு நாரை ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத அளவுக்கு நீண்ட கரை, அதில் நாற்பத்தெட்டு மடை. அந்த மடைகளின் நீரில் விளைந்த நெல்தான் இந்தப் பகுதியை மாவட்டத்தின் நெற்களஞ்சியம் ஆக்கியது. மடையில் நெல் விளைந்தால்தான் துறையில் மூட்டை அடுக்க முடியும், கப்பலோட்டிக்குச் சோறு போட முடியும், வணிகனுக்குத் திரும்பும் பயணத்துக்குச் சரக்குக் கிடைக்கும்.

திருவாடானை ஆதிரத்தினேஸ்வரர் கோயிலின் தலபுராணத்தை இங்கே சொல்லத் தோன்றுகிறது. முனிவரின் சாபத்தால் ஆட்டுத் தலையும் யானை உடலுமாக மாறிய ஒருவன் இங்கே வந்து வழிபட்டு விமோசனம் பெற்றான் என்கிறது அது. அவன் யார் என்றால், கடலுக்கு அதிபதியான வருணனின் மகன். சம்பந்தர் பாடிய இந்தத் தலம் வயல் நடுவே இருந்தாலும் அதன் கதை கடலரசன் வீட்டிலிருந்து வருகிறது. உள்நாடும் கடலும் இங்கே எவ்வளவு நெருங்கிப் பழகின என்பதற்கு எனக்கு இது போதும்.

ஆற்று வாயில் பிறந்த மூத்த பட்டினம் தெற்கே வைகையின் முகத்தில் உள்ள அழகன்குளம். தமிழ்நாடு தொல்லியல் துறை 1980களின் பிற்பகுதியில் தொடங்கி 2016-17 வரை பல கட்டங்களாக அங்கே தோண்டியது. ரோமானிய நாணயங்கள், மதுச்சாடிகளின் துண்டுகள், ரௌலட் மட்கலங்கள், வடநாட்டுக் கறுப்பு மெருகு ஓடுகள், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள், சங்கு அறுத்த கழிவுகள், மணிகள் என்று குவியலாகக் கிடைத்தன. எல்லாவற்றையும் விட என்னை நிறுத்தி வைப்பது ஒரு பானை ஓடு. அதில் யாரோ ஒருவர் பாய்மரங்களோடு ஒரு பெரிய கப்பலைக் கீறியிருக்கிறார். துறையில் நின்று பார்த்ததை, கைக்குக் கிடைத்த ஓட்டில், கூரிய முனையால் வரைந்திருக்கிறார். அந்தக் கலம் ரோமானியக் கடலோடிகளின் கப்பல் வடிவத்தை ஒத்திருக்கிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள். இன்று அழகன்குளத்திலிருந்து கடலுக்குக் கிலோமீட்டர் கணக்கில் நடக்க வேண்டும். வைகையோ இராமநாதபுரம் பெரிய கண்மாயில் புகுந்து, மிஞ்சியதை மட்டும் ஆற்றங்கரை என்ற ஊரருகே கடலுக்குத் தருகிறது. ஆறு மணலைக் கொட்டிக் கொட்டித் தான் பெற்ற துறையைத் தானே மூடிவிட்டது.

உலகம் முழுவதும் ஆற்றுத் துறைகளின் விதி இதுதான். ஜெர்மனியின் பிரேமன் நகரம் வேசர் ஆற்றால் வளர்ந்தது. அந்த ஆறு மணல் மேடிட்டுக் கப்பல்கள் ஊருக்குள் வர முடியாமல் போனபோது, 1827இல் ஆற்றின் வாயில் நிலம் வாங்கி பிரேமர்ஹாவன் என்ற புதுத் துறைமுகத்தையே அந்த நகரம் கட்டிக்கொண்டது. நம் கரையில் யாரும் நிலம் வாங்கவில்லை. வணிகர்கள் அடுத்த ஆற்று வாய்க்கு, அடுத்த மணற்கரைக்கு நகர்ந்தார்கள். அந்த நகர்வில் இடைக்காலத்தில் மேலெழுந்தவை தொண்டியும் பாசியும்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் மதுரை அரியணைக்குப் பராக்கிரம பாண்டியனும் குலசேகர பாண்டியனும் மோதினார்கள். இலங்கை மன்னன் முதலாம் பராக்கிரமபாகு, இலங்காபுரன் என்ற தளபதியைப் படையோடு இராமேசுவரம் கரைக்கு அனுப்பினான். சோழர் குலசேகரன் பக்கம் நின்றார்கள். அந்தப் போரைப் பேசும் சூளவம்சத்திலும், இரண்டாம் இராஜாதிராஜன் காலத்துச் சோழர் கல்வெட்டிலும் தொண்டியும் பாசியும் சேர்ந்தே வருகின்றன. போர் வரலாற்றில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. ஆனால் படைகள் எந்த ஊரைக் குறிவைக்கின்றன என்பது கவனிக்க வேண்டியது. மதுரையைப் பிடிக்க நினைத்தவனும் காக்க நினைத்தவனும் தொண்டியில் மோதிக்கொண்டார்கள் என்றால், மதுரையின் வாசல் எது என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

வாள் ஓய்ந்தபின் வந்த சாட்சிதான் எனக்குப் பெரிது. தொண்டிக்கு வடக்கே கடலை ஒட்டி தீர்த்தாண்டதானம் என்ற சிற்றூர். அமாவாசைக்குத் தீர்த்தமாட வருகிறவர்கள் அதை அறிவார்கள். அங்குள்ள சிவன் கோயிலில் பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வணிகர்கள் அந்தக் கோயிலில் ஒன்றுகூடி, கோயில் திருப்பணிக்காகத் துறையில் ஏறி இறங்கும் சரக்குகள் மீது தாங்களே ஒரு மகமை விதித்துக்கொண்டதைச் சொல்லும் கல்வெட்டு அது. கூடியவர்கள் யார் என்று பாருங்கள்: அஞ்சுவண்ணத்தார், மணிக்கிராமத்தார், சாமந்தப் பண்டசாலிகள், தென்னிலங்கை வளஞ்சியர், நெசவு செய்யும் கைக்கோளர், எண்ணெய் வாணிகம் செய்யும் வாணியர்.

அஞ்சுவண்ணம் என்பது மேற்காசியாவிலிருந்து வந்த வணிகரின் அமைப்பு. 849ஆம் ஆண்டுக் கொல்லம் செப்பேட்டில் தொடங்கி அதன் பெயர் வருகிறது. கிழக்குக் கரையில் அதில் பெரும்பாலும் இசுலாமிய வணிகர் இருந்தார்கள். மணிக்கிராமம் உள்நாட்டிலும் கடல் கடந்தும் வாணிகம் செய்த பழைய தமிழ்க் குழு. வளஞ்சியர் இலங்கையோடு தொடர்புடையவர். அரபுக்கடலைத் தெரிந்தவரும், ஈழத்தைத் தெரிந்தவரும், பக்கத்து ஊரில் தறி போட்டவரும், செக்கு ஆட்டியவரும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து, ஒரு சிவன் கோயிலுக்காகத் தங்கள் லாபத்தில் பங்கு எழுதிக் கொடுக்கிறார்கள். மன்னன் ஆணையிட்டுப் போட்ட வரி இல்லை இது. வணிகர் தாங்களே பேசி முடித்த ஒப்பந்தம். தொண்டிக் கரைக்கு ஒரு பிறப்புச் சான்றிதழ் உண்டு என்றால் அது இந்தக் கல்தான். அதற்கு முன்னும் இங்கே கப்பல் வந்தது, மணம் வீசியது, படை இறங்கியது. ஆனால் பல இனத்து வணிகர் ஓர் இடத்தைத் தங்கள் இடமாக ஏற்று, அதன் நன்மைக்குத் தாங்களே பணம் ஒதுக்கும்போதுதான் ஒரு கரை பட்டினமாகிறது என்பது என் எண்ணம்.

அதே நூற்றாண்டில் ஜெர்மனியின் டிராவே ஆற்றங்கரையில் லூபெக் என்ற நகரம் வளர்ந்துகொண்டிருந்தது. பால்டிக் கடலிலிருந்து இருபது கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஊர் அது. 1143இல் நிறுவப்பட்டு, தீயில் அழிந்து, 1159இல் மறுபடி எழுந்து, 1226இல் பேரரசின் சுதந்திர நகரமானது. அதை வாழவைத்தது உள்நாட்டு ஊரான லூனபர்க்கின் உப்பு. பால்டிக்கில் பிடித்த ஹெர்ரிங் மீனைப் பதப்படுத்த உப்பு வேண்டும்; உப்பு தரைவழியாக லூபெக்குக்கு வந்து கப்பலேறியது. பல நகரத்து வணிகர் சேர்ந்து ஹன்சா என்ற சங்கத்தை உருவாக்கினார்கள். லூபெக் அதன் தலைமை ஊராக விளங்கியது. உள்நாட்டுச் சரக்கு, ஆற்று முகம், வணிகர் கூட்டமைப்பு என்ற மூன்றும் அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். லூபெக்கின் பழைய நகரை 1987இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக்கியது. அதன் சுவடிகள் காப்பகத்தில் அடுக்கி இருக்கின்றன. தீர்த்தாண்டதானத்துக் கல்லைப் பற்றி, அது இருக்கும் வட்டத்தில் படிக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தருவதாக எனக்குத் தெரியவில்லை. இது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகள் காலத்தில் தொண்டி இரண்டாம் வரிசைக்கு வந்தது. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழவன் சேதுபதிக்கு நெருக்கமாக இருந்த வணிகப் பெருந்தகை, உமறுப்புலவரை ஆதரித்த சீதக்காதி, கீழக்கரைக்காரர். செல்வமும் செல்வாக்கும் தென்கடல் பக்கம் சாய்ந்தன. என்றாலும் யாழ்ப்பாணத்தோடு தோணிப் போக்குவரத்து நிற்கவில்லை. அங்கிருந்து பனஞ்சட்டமும் புகையிலையும் இக்கரைக்கு வந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தத் துறை சுமந்த சரக்கைப் பற்றி எழுதும்போது கை கூசுகிறது. இலங்கை மலைநாட்டில் வெள்ளையர் காப்பித் தோட்டம் போட்டபோது, பஞ்சத்தில் வாடிய மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமை மக்கள் ஆள் சேர்க்கும் கங்காணிகளின் பின்னால் கூட்டம் கூட்டமாக இந்தக் கரைக்கு நடந்து வந்தார்கள். தொண்டி, அம்மாபட்டினம், தேவிபட்டினம், பாம்பன் ஆகிய துறைகளில் தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளைக்குக் கால்நடை. வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் செத்தவர்கள் ஏராளம். அகிலும் கற்பூரமும் வந்திறங்கிய அதே மணலில்தான் அவர்கள் சொந்த மண்ணைக் கடைசியாக மிதித்தார்கள். மலையகத் தமிழர் வரலாறு இந்தக் கரையிலும் எழுதப்பட வேண்டியது.

செட்டிநாட்டுக்கு அருகில் இருந்த துறையும் தொண்டிதான். தேவகோட்டை வணிகர்கள் பர்மாவில் ஈட்டிய செல்வம் தேக்கு மரமாகத் திரும்பி வந்தபோது, இந்தக் கரையிலும் மரங்கள் இறங்கின. அந்த வீடுகளின் தூணும் நிலையும் இன்றும் அசையாமல் நிற்கின்றன.

பாய்மரத் துறைகளை முடித்துவைத்தது இரயில். 1902இல் மதுரையிலிருந்து மண்டபத்துக்குத் தண்டவாளம் போட்டார்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்தது. அதே ஆண்டு தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. சென்னையில் ஏறினால் கொழும்பு வரை ஒரே சீட்டு. தொண்டிக்கு இரயில் வரவில்லை. நீராவிக் கப்பலுக்கு இந்தக் கடலில் ஆழமும் இல்லை. ஒரு காலத்தில் வரமாக இருந்த ஆழமின்மை சாபமாக மாறியது. இந்தியா, இலங்கை இரண்டும் விடுதலை பெற்றபின் கடலின் நடுவே எல்லைக்கோடு விழுந்தது. 1974 ஒப்பந்தம் அந்தக் கோட்டைப் பாக் நீரிணையில் வரைந்தது. யாழ்ப்பாணத்துக்குப் போகும் பழைய கோட்டின் கிழக்குப் பாதி அதோடு அறுந்துவிட்டது. இப்போது அந்தப் பக்கம் போகிறவர்கள் மீனவர்கள் மட்டும்; பலர் படகை இழந்து சிறை கண்டு திரும்புகிறார்கள்.

மேற்குப் பாதி அறுபடவில்லை. கொச்சியில் தொடங்கி மூணாறு, தேனி, மதுரை, சிவகங்கை, திருவாடானை வழியாக வரும் தேசிய நெடுஞ்சாலை 85 தொண்டியில் முடிகிறது. மிளகு விளையும் மலைக்கும் மேலைக்கடலுக்கும் கீழைக்கடலுக்கும் நடுவே மதுரையை வைத்துப் போட்ட பழைய வணிகப் பாதை இப்படித்தான் போயிருக்கும்.

ஆற்று வாய் எப்படி இருந்திருக்கும் என்று காண விரும்புகிறவர்கள் தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டுக்குப் போகலாம். கோட்டைக்கரையாறு அங்கே கடலில் சேர்கிறது. இருபுறமும் அலையாத்திக் காடு. சேற்றிலிருந்து விரல் விரலாக மேலே நீட்டிய மூச்சு வேர்கள், வெள்ளைக் கொக்குகள், நீர் வற்றும்போது வெளிப்படும் கருஞ்சேற்றில் ஓடும் நண்டுகள். வனத்துறையும் ஊராரும் சேர்ந்து படகுச் சவாரி நடத்துகிறார்கள். நடு ஓடையில் ஆழம் இருக்கிறது, கரை இரண்டும் காற்றைத் தடுக்கின்றன. ஒரு தோணிக்காரர் புயல் மாதத்தில் தன் கலத்தை எங்கே ஒளித்து வைப்பார் என்று அங்கே படகில் உட்கார்ந்து பார்த்தாலே புரியும். கடலில் கலக்கும் இடத்துக்கு வந்ததும் மணல் திட்டு குறுக்கே கிடக்கும். படகோட்டி கோலை ஊன்றித் தள்ளுவார்.

தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. கடற்புல்லையும் கடற்பசுவான ஆவுளியாவையும் ஆராயும் மாணவர்கள் அங்கே படிக்கிறார்கள். அவர்களோடு நான்கு வரலாற்று மாணவரும், கல்வெட்டுப் படிக்கத் தெரிந்த ஒருவரும் சேர்ந்து தொண்டியிலிருந்து சுந்தரபாண்டியன்பட்டினம் வரை கரையோரமாக ஒவ்வொரு கோயிலையும் பள்ளிவாசலையும் தேவாலயத்தையும் பார்த்துப் பதிவு செய்தால், இந்தக் கதை இன்னும் நிறைவாக எழுதப்படும். காலையில் தொண்டியில் ஏலம் முடிந்ததும் நண்டும் கணவாயும் இறாலும் ஐஸ் பெட்டிகளில் வண்டியேறி, திருவாடானையைத் தாண்டி மேற்கே மதுரைக்குப் போகின்றன. சரக்கு மாறியிருக்கிறது, வாங்குகிற ஊர் அதேதான்.